கச்சேரிக்குப் பின் கணக்கு

(நாயுடுபேட்டைத் தமிழன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே கடையில் காப்பி குடிக்கின்றன. அதனால் நான் எந்த மொழியில் தடுக்கி விழுந்தாலும் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசைத்தட்டு. ஒரே ஓர் இசைத்தட்டு. 'தி கான்சர்ட் ஃபார் பங்களா தேஷ்' என்பது அதன் பெயர். 1971ஆம் வருஷம் நியூயார்க்கில் நடந்த ஒரு கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவு. நடத்தியவர் ஜார்ஜ் ஹாரிசன், பீட்டில்ஸ் குழுவில் இருந்த ராக் இசைக்கலைஞர். நடத்தச் சொல்லிக் கேட்டவர் நம்முடைய சிதார் மேதை பண்டிட் ரவி சங்கர்.

சுவர்ணமுகிக் கரையில், விடிந்தால் சுப்ரபாதம் கேட்கிற ஊரில், நியூயார்க் கிதாரைப் பற்றி இவன் ஏன் பேச வந்தான் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. நாம் புயல் கரைக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வங்கக் கடலில் எங்கே சின்னம் உருவாகியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறோம். 2015 நவம்பரை மறந்தீர்களா? 2021 நவம்பரை மறந்தீர்களா? வெள்ளம் வடிந்த மறுநாளே தெருவில் உண்டியல் குலுங்குகிறது, மேடை எழுகிறது, ஆர்க்கெஸ்ட்ரா பாடுகிறது, நிவாரண நிதி சேர்கிறது. சேர்ந்த நிதி எங்கே போகிறது? எப்போது போகிறது? யார் கையெழுத்தில் போகிறது? இந்தக் கேள்விகளை அந்த அமெரிக்கக் கச்சேரி பத்து வருஷம் சுமந்தது. அதனால்தான் அந்தக் கதை நமக்கு வேண்டும்.

கதையின் தொடக்கமும் நம்முடைய கடல்தான். 1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு, வங்கக் கடலில் கிளம்பிய ஒரு புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகள் மேல் ஏறியது. போலா புயல் என்று அதற்குப் பெயர். இறந்தவர்கள் குறைந்தது மூன்று இலட்சம் பேர். ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். மூன்று இலட்சம்! மேற்குப் பாகிஸ்தானில் இருந்த அரசு போதிய உதவி செய்யவில்லை என்ற கோபம் அங்கே மூண்டது. அடுத்த மாதமே தேர்தல். கிழக்கில் அவாமி லீக் கட்சி ஏறக்குறைய எல்லா இடங்களையும் வாரிக்கொண்டது. ஆட்சியை அவர்களிடம் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது. அன்றிலிருந்து எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். மேற்கு வங்கத்தில் முகாம்களில் இடம் போதாமல் சாக்கடைக்காக வாங்கி வைத்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள்ளே குடும்பம் நடத்தினார்கள். மழை வந்தது. காலரா வந்தது.

இந்த நேரத்தில் ரவி சங்கர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். காசியில் பிறந்தவர் என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் குடும்பத்தின் பூர்விகம் ஜெஸ்ஸூர் பக்கம், கிழக்கு வங்காளம். அவருடைய குரு பாபா அலாவுதீன் கான் பிறந்ததும் அந்த மண்ணில்தான், பிராமண்பாரியாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குருவின் மகன் சரோத் மேதை அலி அக்பர் கான் பிறந்ததும் அங்கேதான். ஆக, செய்தித்தாளில் வந்த அகதி ரவி சங்கருக்கு வேற்று ஆள் அல்ல. தூரத்து உறவினர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு கச்சேரி வைத்து இருபத்தைந்தாயிரம் டாலர் திரட்டி அனுப்பலாம் என்பது அவர் போட்ட கணக்கு. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். இருபத்தைந்தாயிரம்.

அவர் ஹாரிசனிடம் பேசினார். 1966லிருந்து இருவருக்கும் பழக்கம். ஹாரிசன் அவரிடம் சிதார் கற்றவர். பீட்டில்ஸ் குழு கலைந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நால்வரில் அதுவரை கொஞ்சம் பின்னால் நின்றவர் ஹாரிசன். 1970 நவம்பரில் அவர் தனியாக வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பு உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. புகழின் உச்சியில் இருக்கிறவனிடம் போய் உதவி கேட்டால் என்ன சொல்வான்? 'என் மேனேஜரைப் பாருங்கள்' என்பான். ஹாரிசன் தானே டெலிபோனை எடுத்தார். ஐந்தாறு வாரம் அவருக்கு அதுதான் வேலை. ரிங்கோ ஸ்டார் வந்தார். எரிக் கிளாப்டன் வந்தார், போதைப் பழக்கத்தில் நிற்கக்கூட முடியாத நிலையில். லியன் ரஸ்ஸல், பில்லி பிரஸ்டன், பேட்ஃபிங்கர் குழுவினர், கிளாஸ் வூர்மன், ஜிம் கெல்ட்னர் எல்லோரும் வந்தார்கள். பாப் டிலன் வருவாரா மாட்டாரா என்று கடைசி நிமிஷம் வரை தெரியாது. பாட்டு வரிசை எழுதிய தாளில் டிலன் பெயருக்குப் பக்கத்தில் ஹாரிசன் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். ஒருவரும் சம்பளம் வாங்கவில்லை.

நாள் 1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. இடம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரு கச்சேரி என்று அறிவித்தார்கள். டிக்கெட் பறந்த வேகத்தைப் பார்த்து, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டாக்கினார்கள். இரண்டுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் பேர். ஒரு ராக் கச்சேரி எதில் தொடங்கும்? பெரிய சத்தத்தில் தொடங்கும். இது சிதாரில் தொடங்கியது. ஹாரிசனே முதலில் மேடைக்கு வந்து, இந்திய சங்கீதம் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டியது என்று கூட்டத்திடம் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். ரவி சங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபலா, கமலா சக்கரவர்த்தி தம்புரா. வாசிக்கும்போது புகை பிடிக்காதீர்கள் என்று ரவி சங்கர் கேட்டுக்கொண்டார்.

நால்வரும் சுருதி சேர்த்தார்கள். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். தந்தியை முறுக்குகிறார்கள், தட்டிப் பார்க்கிறார்கள், தபலாவைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். நிறுத்தினார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டல்! உருப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ரவி சங்கர் சிரித்துக்கொண்டே, சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார்.

இதைச் சொல்லி அமெரிக்கர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நம் சபாக்களில் மிருதங்கம் சுருதி சேர்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கேன்டீனில் இன்று என்ன டிபன் என்று விசாரிக்கிறோம். அந்த அரங்கத்தில் இருந்தவர்கள், முன்பின் கேட்டறியாத ஒரு சங்கீதத்துக்கு முன்னால், புரியாவிட்டாலும் வாய் பேசாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் கை தட்டினார்கள். இன்னொன்றும் இருக்கிறது. தட்டு தயாரித்தபோது அந்தக் கைதட்டலையும் ரவி சங்கரின் பதிலையும் வெட்டி எறிந்திருக்கலாம். வெட்டவில்லை. இன்றைக்கும் அந்தத் தட்டைப் போட்டால் அந்தச் சிரிப்பு கேட்கும். நேரடி ஒலிப்பதிவு என்றால் இதுதான். ஸ்டுடியோவில் ஆயிரம் முறை பாடித் துடைத்து மெருகேற்றிய தட்டில் சங்கீதம் மட்டும் இருக்கும். நேரடித் தட்டில் அன்றைய ஜனங்களும் இருப்பார்கள்.

பிறகு வாசித்தார்கள். 'பங்களா துன்'. வங்காள நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆறு மாத்திரை தாதராவில் மெதுவாக நடத்தி, பிறகு பதினாறு மாத்திரை தீன்தாலில் ஓடவிட்டார்கள். சிதார் ஒரு வரி சொல்லும், சரோத் அதைத் திருப்பிச் சொல்லும். கடைசியில் வேகம் ஏறி இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அல்லா ரக்காவின் கை என்ன செய்கிறது என்று எத்தனை தரம் கேட்டாலும் எனக்குப் பிடிபடவில்லை. அழுகைப் பாட்டு இல்லை அது. பசி, பிணம், குழாய்க்குள் குடும்பம், இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு வந்த இருவர், தங்கள் பூர்விக மண்ணின் மெட்டைத் துள்ளலோடு வாசித்தார்கள். இரக்கம் கேட்டு வாசிக்கவில்லை. எங்கள் ஊர் இப்படிப்பட்ட ஊர் என்று காட்டி வாசித்தார்கள். இந்தக் கச்சேரியின் மூன்று தட்டுத் தொகுப்பில் முதல் பக்கம் முழுவதும் இதுதான். ஹாரிசன் பாட்டுக்காக, டிலன் பாட்டுக்காக வாங்குகிற அமெரிக்கப் பையன் முள்ளை முதல் பள்ளத்தில் வைத்தால் அவனுக்குக் கிடைப்பது வங்காளம்! இந்த வரிசைக்காகவே நான் ஹாரிசனுக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

அதற்குப் பின் நடந்த ராக் பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு, நேரமும் குறைவு. டிலன் வந்தார், பாடினார். ஹாரிசன், இந்தக் காரியத்துக்காகவே எழுதிய 'பங்களா தேஷ்' பாட்டைக் கடைசியில் பாடினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அப்போது அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம். பத்திரிகைகள் எழுதியது கிழக்குப் பாகிஸ்தான். அந்தக் காலத்தில் ஒரு கச்சேரி, ஒரு பாட்டு, ஒரு தட்டு, மூன்றிலும் 'பங்களா தேஷ்' என்ற பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். அரசியல் பேசாமலே செய்த அரசியல் அது.

கச்சேரி முடிந்தது. வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட். ரவி சங்கர் நினைத்தது இருபத்தைந்தாயிரம். வந்தது ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த மாதமே ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் அமைப்புக்கு அந்தப் பணம் போய்விட்டது. கச்சேரி முடிந்தது, கணக்கு முடிந்ததா? இல்லை. பெரிய பணம் இனிமேல்தான் வர வேண்டும், தட்டிலிருந்து.

ஏன் தட்டிலிருந்து? கூடத்துக்குள் வந்தவர்கள் நாற்பதாயிரம் பேர்தான். தட்டுக்குக் கூடம் கிடையாது. சென்னையில் இருக்கிறவன் வாங்கலாம், சிட்னியில் இருக்கிறவன் வாங்கலாம், அன்று பிறக்காதவன்கூட இருபது வருஷம் கழித்து வாங்கலாம். மேடைக்கு முன்னால் விரித்த துண்டில் விழுகிற காசு ஒரு நாள் காசு. தட்டு, வருஷா வருஷம் காய்க்கிற மாமரம். இதை ஹாரிசன் முதலிலேயே புரிந்துகொண்டிருந்தார். அரங்கத்திலேயே பல தடங்களில் ஒலிப்பதிவு செய்தார்கள், படமும் எடுத்தார்கள். பெரும்பாலும் இரவுக் கச்சேரி, சில இடங்களில் பகல் கச்சேரி என்று பொறுக்கி, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரும் ஹாரிசனும் சேர்ந்து மூன்று தட்டாக்கினார்கள். பெட்டியின் மேல் அட்டையில் மாலை போட்ட நட்சத்திரங்கள் படம் இல்லை. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, அதன் முன்னால் வெறும் சாப்பாட்டுத் தட்டு. கடைக்காரர்களுக்கு இந்தப் படம் உறுத்தலாக இருந்திருக்கும். ஹாரிசன் மாற்றவில்லை.

தட்டு தயார். வெளியிட வேண்டியதுதானே? இங்கேதான் தர்மம் வியாபாரத்தின் வாசலில் போய் நின்றது. டிலனுக்கு ஒப்பந்தம் கொலம்பியா கம்பெனியோடு. அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் கேசட் உரிமை போயிற்று. அமெரிக்காவில் விற்க வேண்டியது கேபிட்டல் கம்பெனி. அச்சிடும் செலவு, விநியோகச் செலவு, கடைக்காரர் லாபம் என்று அவர்கள் பேசினார்கள். 'பாடியவன் காசு வாங்கவில்லை, நீங்கள் மட்டும் எதற்கு வாங்குகிறீர்கள்?' இதுதான் ஹாரிசனின் கட்சி. மாதங்கள் ஓடின. நவம்பரில் ஹாரிசன் டிக் கேவட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, தட்டு ஏன் வரவில்லை என்று கம்பெனித் தலைவரின் பெயரையே சொல்லித் திட்டினார்.

அந்தத் தலைவர் யார் தெரியுமா? பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்த மலையாளி! நம் வீட்டுச் சுப்ரபாதத் தட்டை எச்.எம்.வி. முத்திரையோடு வெளியிட்ட இந்திய கிராமபோன் கம்பெனிக்குத் தலைவராக இருந்துவிட்டு, அந்த 1971இல்தான் கேபிட்டலைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா போனவர். நஷ்டத்தில் இருந்த கம்பெனி அது. அவரை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். நான் ஆக்க மாட்டேன். மூன்று தட்டுப் பெட்டியை இலட்சக்கணக்கில் அச்சடிக்கக் காகிதக்காரனும் பிளாஸ்டிக்காரனும் இலவசமாகவா கொடுப்பான்? கடைசியில் கேபிட்டல் இறங்கி வந்தது; விற்கும் முன்பே ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கொடுக்கவும் சம்மதித்தது.

1971 டிசம்பர் 20ஆம் தேதி அமெரிக்காவில் தட்டு கடைக்கு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால், டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் சரணடைந்துவிட்டது. கச்சேரி நடந்தபோது அந்தப் பெயரில் ஒரு நாடு இல்லை. தட்டு வந்தபோது நாடு இருந்தது. வாங்குவோர் குறையவில்லை, இங்கிலாந்தில் விற்பனையில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாம் இடம். 1973இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்று கிராமி விருது. ரவி சங்கர் பெயரும் அதில் உண்டு.

கைதட்டல் ஆயிற்று, விருது ஆயிற்று. கணக்கு முடிந்ததா? இனி கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சங்கீதம் இல்லாத பகுதி இது. ஆனால் நான் நாயுடுபேட்டைக்கு வந்ததே இந்தப் பகுதியைச் சொல்லத்தான்.

ஹாரிசனின் வியாபார விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஆலன் க்ளைன் என்ற மேனேஜர். கச்சேரிக்கு முன்பே யுனிசெஃபோடு முறையாக ஒப்பந்தம் செய்து, இது அறக்கொடைக் காரியம் என்று பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அமெரிக்க வருமான வரித்துறை கேட்டது: 'இது தர்மம் என்பதற்கு முன்கூட்டியே காகிதம் எங்கே?' காகிதம் இல்லை. ஆகவே வரிவிலக்கு இல்லை. 1972இல் இருபது இலட்சம் டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மீதி, கோடிக்கணக்கான ரூபாய், தணிக்கை என்ற பூட்டுக்குள் போயிற்று.

எத்தனை நாள்? நாள் இல்லை ஐயா. மாதமும் இல்லை. எழுபதுகள் முழுவதும்! அடுத்த 88 இலட்சம் டாலர் விடுபட்டு யுனிசெஃப் கைக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். அட்டைப்படத்தில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்த வயதுக் குழந்தைகள் அதற்குள் மீசை முளைத்து வேலைக்குப் போயிருப்பார்கள். 1974இல் பங்களாதேஷில் பெரும் பஞ்சம் வந்தது. அந்தக் குழந்தைகள் பெயரால் சேர்ந்த பணம் அந்த வருஷம் எங்கே இருந்தது? அமெரிக்காவில், பூட்டுக்குள். நினைத்தால் வயிறு எரிகிறது.

இங்கிலாந்தில் இன்னொரு கூத்து. அங்கே தட்டுக்கு விற்பனை வரி உண்டு. தர்மத்துக்கு விற்கிற தட்டுக்கு வரியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று ஹாரிசன் நேரில் போய் நிதித்துறை அமைச்சரிடம் கேட்டார். பேட்ரிக் ஜென்கின் என்பவர். முடியாது என்றுவிட்டார் அவர். கடைசியில் 1973இல் ஹாரிசன் தன் சொந்தக் கணக்கிலிருந்து பத்து இலட்சம் பவுண்டுக்குக் காசோலை எழுதி வரியைக் கட்டினார். தர்மம் செய்ததற்குத் தண்டம் கட்டிய கதை!

வரித்துறையைத் திட்டலாமா? திட்டலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தர்மத்தின் பெயரைச் சொல்லி வசூலித்துச் சாப்பிடுகிறவர்களை நம் ஊரில் நாம் பார்த்ததே இல்லையா? காகிதம் கேட்கிற அதிகாரி அவர்களுக்காகக் கேட்கிறான். நல்லவனும் அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஹாரிசனுக்கு நெஞ்சு இருந்தது, உழைப்பு இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். பக்கத்தில் முதல் நாளே ஒரு நல்ல கணக்குப்பிள்ளை இல்லாமல் போனார்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1977 நவம்பர் 19. இந்தத் தேதியைப் பெரியவர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. திவிசீமா. கிருஷ்ணா கழிமுகத்தில் கடல் ஊருக்குள் வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போன நாள். நடிகர்கள் என்.டி.ராமாராவும் அக்கினேனி நாகேஸ்வரராவும் திரையுலகத்தைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். திரையில் இராமனாகவும் கிருஷ்ணனாகவும் பார்த்துக் கும்பிட்ட ராமாராவ், வாசலில் நின்று கை நீட்டினார். வளையலைக் கழற்றிப் போட்ட பெண்கள் உண்டு. அங்கே தட்டும் இல்லை, ராயல்டியும் இல்லை, வெளிநாட்டு வரியும் இல்லை. நேருக்கு நேர் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கொடைக்கு ஒரு வேகம் உண்டு, ஒரு எல்லையும் உண்டு: ஊர்வலம் எந்தத் தெரு வரை போகிறதோ அதுவரைதான்.

இசைத்தட்டை வைத்து, அலட்டல் இல்லாமல், சிக்கல் இல்லாமல் தர்மம் செய்தவர் நம்மிடம் இல்லையா? இருக்கிறார். திருப்பதியில் பூர்ணகும்பம் வட்டத்தில் தம்புராவோடு வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா!

ராக் இசைக்கும் எம்.எஸ். அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இசையில் சம்பந்தம் இல்லை, ஏற்பாட்டில் உண்டு. 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். அதிலிருந்து தொடங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று அவர் பாடிக் கொடுத்த கச்சேரிகளுக்கு அளவில்லை. 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சங்கீதத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அது பொதுச்சேவைப் பிரிவில் கொடுத்த விருது! 1963இல் வந்த வேங்கடேச சுப்ரபாதத் தட்டின் ராயல்டியைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதி வைத்தார். வேறு தட்டுகளின் ராயல்டியையும் வெவ்வேறு அறப்பணிகளுக்குக் கொடுத்தார்.

சுப்ரபாதம் கச்சேரி மேடையில் பதிந்ததல்ல, ஸ்டுடியோவில் பதிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள். பணம் யாருக்கு என்பது ஒரு வரியில் முடிந்துவிட்டது. இன்ன தட்டு, இன்ன அமைப்பு. நடுவில் ஆள் இல்லை. அதற்குப் பின்னால் நின்றவர் கணவர் சதாசிவம். அவர் கண்டிப்பைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் நிறைய. பத்திரிகை நடத்தியவர், காகித விலையும் கணக்குப் புத்தகமும் தெரிந்தவர். சதாசிவம் போல ஒருவர் 1971 ஜூலையில் ஹாரிசனுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், கச்சேரி அறிவிப்புக்கு முன் யுனிசெஃப் ஒப்பந்தம் மேசை மேல் இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. சரித்திரத்தில் இப்படியெல்லாம் பேசக்கூடாதுதான். மேடை என்பதால் பேசுகிறேன்.

ஹாரிசனின் அனுபவம் வீணாகவில்லை. 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக இலண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் 'லைவ் எய்ட்' நடத்தினார் பாப் கெல்டாஃப். அறக்கட்டளையை முன்கூட்டியே அமைத்துவிட்டுத்தான் மேடை ஏறினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கச்சேரியை உடனே தட்டாகப் போடவில்லை. தொலைக்காட்சியில் பார்த்து ஜனங்கள் கொடுத்த பணம்தான் அதில் பெரிது.

தம்பிகளே, உங்களில் பலருக்குப் பேண்ட் இருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது என்று தெரியும். அடுத்த வெள்ளத்துக்கு நீங்களும் மேடை போடுவீர்கள். போடுங்கள். இன்றைக்குத் தட்டும் தேவையில்லை. கச்சேரியைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றினால் அதிலிருந்தும் பணம் வரும். அந்தப் பணம் யார் பெயரில் வருகிறது? ஏற்றிய பையனின் பெயரில். அவன் வருமானமாகத்தான் வரித்துறை அதைப் பார்க்கும். முதலில் பதிவு செய்த ஓர் அறக்கட்டளையைப் பிடியுங்கள். அதற்கு வருமான வரித்துறையின் பதிவு இருக்கிறதா, கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் பிள்ளைகள் பணம் அனுப்புவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். மேடையில் பாடுவது யாருடைய பாட்டு, அந்த இசையமைப்பாளருக்கு உரிமை உண்டே, அதற்கு அனுமதி வாங்கினோமா என்றும் பாருங்கள். இதையெல்லாம் மைக் செட்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்யுங்கள். மழை வந்த பிறகு ஓலை முடைய முடியாது.

அந்தப் பழைய தட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2001இல் ஹாரிசன் காலமானார். 2012 டிசம்பர் 11இல் ரவி சங்கர் மறைந்தார். எட்டு வருஷம் முன்னால் அதே டிசம்பர் 11இல்தான் எம்.எஸ். அம்மாவும் மறைந்தார். தட்டு மட்டும் இன்னும் உழைக்கிறது. 2005இல் புதிதாக வெளியிட்டார்கள். வருமானம், யுனிசெஃபுக்காக ஹாரிசன் பெயரில் முறையாக அமைத்த நிதிக்குப் போகிறது. இந்தத் தடவை காகிதம் சரியாக இருக்கிறது. 2011இல் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில், சோமாலியா பக்கம், பஞ்சம் வந்தபோது, நாற்பது வருஷத்துக்கு முந்திய அந்தக் கச்சேரியை இணையத்தில் விற்று அங்கே இருந்த குழந்தைகளுக்குப் பணம் அனுப்பினார்கள். வங்காள மெட்டு சோமாலியாவுக்குச் சோறு போட்டது!

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சிதாரைப் பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்கிறேன். வரிச்சலுகை பற்றிய கேள்விகளை மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆடிட்டர் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இன்று ஃபீஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.